சாரதாவுக்கு ஒரு இரண்டாம் பாகம்

1978 அக்டோபரில் இரண்டு படங்கள் வெளிவந்தன. அமெரிக்காவில் ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்'. இங்கே பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்'. முன்னது சுமார் 3 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு உலகம் முழுக்க 7 கோடி டாலர் அளவுக்கு வசூலித்த படம். பின்னது, '16 வயதினிலே', 'கிழக்கே போகும் ரயில்' என்று இரண்டு கிராமத்துப் படங்களைக் கொடுத்த அல்லிநகரத்துக்காரர், 'இவருக்குக் கிராமத்தை விட்டால் வேறு தெரியாது' என்று சொன்னவர்களுக்குப் பதிலாக எடுத்த நகரத்துப் படம். இரண்டு படங்களிலும் கத்தியோடு ஒருவன் பெண்களைத் தேடித் தேடிக் கொல்கிறான். இரண்டிலும் கடைசியில் ஒருத்தி உயிரோடு எஞ்சுகிறாள். அங்கே லாரி ஸ்ட்ரோட், இங்கே சாரதா. ஸ்லாஷர் என்று உலகம் அழைக்கும் படவகைக்கு அமெரிக்கா வரையறை எழுதிக்கொண்டிருந்த அதே மாதத்தில், அதே எலும்புக்கூட்டோடு தமிழிலும் ஒரு படம் வந்து ஜெயித்திருக்கிறது. இதை நாம் போதுமான அளவு பேசியதில்லை.

அதற்குப் பிறகு இரண்டின் வழியும் பிரிந்துவிட்டது. 'ஹாலோவீன்' 2022 வரை 13 படங்களாகப் பெருகியது. 'சிகப்பு ரோஜாக்கள்' இந்திக்குப் போய், 1980இல் ராஜேஷ் கன்னாவை வைத்து பாரதிராஜாவே எடுத்த 'ரெட் ரோஸ்' ஆகித் தோற்றது. இரண்டாம் பாகம் என்பது பேச்சளவிலேயே நின்றது. பாரதிராஜாவின் மகன் மனோஜ் அதை இயக்கப்போவதாக அறிவிப்பு வந்தது, படம் வரவில்லை. 2018இல், சாரதாவாக நடித்த ஸ்ரீதேவி போய்விட்டார். 2025 மார்ச்சில் மனோஜும் போய்விட்டார். இனி எதற்கு அந்தப் பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். தமிழ் சினிமாவில் இப்போது இரண்டாம் பாகங்களின் காலம் நடக்கிறது. பழைய வெற்றி எதையும் யாரும் சும்மா விடப்போவதில்லை. இன்றில்லாவிட்டாலும் நாளை யாராவது இந்த ரோஜாத் தோட்டத்தின் கதவைத் திறப்பார்கள். அப்படித் திறப்பவர் முன்கூட்டியே முடிவு செய்யவேண்டிய ஒன்று உண்டு: இரண்டாம் பாகம் யாருடையது? கொன்றவனுடையதா, தப்பித்தவளுடையதா? ஸ்லாஷர் படங்களின் இரண்டாம் பாகங்கள் எப்படி வரவேற்கப்பட்டன என்ற 45 ஆண்டு வரலாற்றை எடுத்துப் பார்த்தால், அது தப்பித்தவளுடையதாக இருக்கும்போதுதான் படம் நிற்கிறது என்பது என் வாதம். சாரதாவுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பது அதன் தொடர்ச்சி.

முதலில் 'ஹாலோவீன்' முதல் படத்தின் அந்த அலமாரிக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி துணி அலமாரிக்குள் ஒடுங்கியிருக்கிறாள். கதவின் மரச்சட்டங்களைக் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ் ஒவ்வொன்றாக உடைக்கிறான். தலைக்கு மேலே ஒரு பல்பு ஆடுகிறது. அவள் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. துணி மாட்டும் கம்பியை உருவி, நடுங்கும் விரல்களால் அதை நீட்டி வளைத்து, அவன் கண்ணில் குத்துகிறாள். அவன் கை நழுவவிட்ட கத்தியை எடுத்து அவனையே குத்துகிறாள். இந்தப் படத்தில் ரத்தம் மிகக் குறைவு என்பது முதல்முறை பார்ப்பவர்களுக்கு எப்போதும் ஆச்சரியமாக இருக்கும். பயம் எங்கிருந்து வருகிறது என்றால், அந்தக் கம்பியை வளைக்கும் விரல்களிலிருந்து. மைக்கேல் ஏன் கொல்கிறான் என்று படம் சொல்வதில்லை, சொல்லவேண்டிய தேவையும் இல்லை. பார்க்கிறவர் மனம் முழுக்க அலமாரிக்குள் இருக்கிறது. கொலைகாரன் முகமூடிக்குப் பின்னால் ஒரு வெறுமை. உயிருள்ள மனுஷி ஒருத்திதான்.

1981இல் வந்த 'ஹாலோவீன் 2' இதை அப்படியே தலைகீழாக்கியது. கதை அதே இரவில் தொடர்கிறது, லாரி மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறாள். கார்பென்டரும் டெப்ரா ஹில்லும் எழுத, ரிக் ரோசன்தால் இயக்கினார். ஆனால் படத்தின் பெரும்பகுதியில் லாரி மருந்து மயக்கத்தில் கட்டிலில் கிடக்கிறாள். கம்பியை வளைத்த அந்தக் கைக்குச் செய்ய எதுவும் இல்லை. அந்த இடத்தை நிரப்ப, மருத்துவமனை ஊழியர்கள் ஒவ்வொருவராக வகைவகையாகச் சாகிறார்கள். போதாக்குறைக்கு மைக்கேலுக்கு ஒரு காரணமும் கண்டுபிடித்தார்கள்: லாரி அவனுடைய தங்கை. முதல் படத்தின் வெறுமை அந்த ஒரே வசனத்தில் குடும்பக் கதையாகிச் சுருங்கியது. படம் அமெரிக்காவில் இரண்டரைக் கோடி டாலர் சம்பாதித்தது. முதல் படம் அங்கே சுமார் 4.7 கோடி. முதல் படத்தைக் கொண்டாடிய ரோஜர் ஈபர்ட் போன்ற விமர்சகர்கள் இதை ஒரு வீழ்ச்சியாகவே பார்த்தார்கள். அந்தத் தங்கைத் திருப்பத்துக்காகப் பிற்காலத்தில் கார்பென்டரே வருந்திப் பேசினார். கொலைகாரனைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லச் சொல்ல, தப்பித்தவளைப் பற்றிச் சொல்ல இடம் குறைகிறது. அதைத்தான் பார்வையாளர்கள் இழப்பாக உணர்ந்தார்கள்.

இது ஒரு படத்தின் தவறு மட்டுமில்லை, அந்த வகையின் வழக்கமாகவே ஆகிவிட்டது. 1980இல் வந்த 'ஃப்ரைடே த தேர்ட்டீன்த்' படத்தில் இரவு முழுக்கப் போராடித் தப்பித்தவள் ஆலிஸ். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தின் தொடக்கத்திலேயே அவளைக் கொன்றுவிட்டார்கள். முந்தைய படம் முழுவதும் எந்த உயிருக்காக நாம் இருக்கை நுனியில் உட்கார்ந்திருந்தோமோ, அந்த உயிரைச் சில நிமிடத்தில் தீர்த்துக்கட்டிவிட்டுத்தான் கொலைகாரன் ஜேசனின் கதை தொடங்குகிறது. 'ஹாலோவீன்' வரிசையிலும் இது நடந்தது. 2002இன் 'ஹாலோவீன்: ரெசரக்‌ஷன்', லாரியை ஆரம்பத்திலேயே மாடியிலிருந்து விழவைத்துக் கொன்றது. அதற்கு முன் 1998இல் வந்த 'எச்20' படத்தில் அவள் மைக்கேலின் தலையையே வெட்டியிருந்தாள். அந்த வெற்றியும் பொய் என்று ஆக்க, முகமூடிக்குள் இருந்தது வேறொரு அப்பாவி என்று ஒரு சப்பைக்கட்டு கட்டினார்கள். விளைவு கண்ணுக்குத் தெரிந்தது. 'எச்20' அமெரிக்காவில் ஐந்தரைக் கோடி டாலர், 'ரெசரக்‌ஷன்' சுமார் 3 கோடி. விமர்சனங்களில் அந்த வரிசையின் அடிமட்டத்தில் இன்றும் அதன் பெயர் வருகிறது.

எதிர்ப்பக்கம் என்ன நடந்தது என்றும் பார்க்கவேண்டும். 'நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' முதல் படத்தின் நாயகி நான்சி, 1985இன் இரண்டாம் பாகத்தில் இல்லை. 1987இல் 'ட்ரீம் வாரியர்ஸ்' என்ற மூன்றாம் பாகத்தில் அவளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தக் கனவுக் கொலைகாரனிடமிருந்து தப்பித்த அனுபவத்தை, இப்போது மாட்டிக்கொண்டிருக்கும் இளம்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பவளாக வருகிறாள். படம் அமெரிக்காவில் நாலரைக் கோடி டாலர் எடுத்தது, முதல் இரண்டு பாகங்களையும் மிஞ்சியது. அந்த வரிசையில் எந்தத் தொடர்ச்சி நல்லது என்று கேட்டால் இன்றும் பலர் கை காட்டுவது இதைத்தான். 2018இல் டேவிட் கார்டன் கிரீன் 'ஹாலோவீன்' கதையைத் திரும்ப எடுத்தபோது, இடையில் வந்த தொடர்ச்சிகளையும் தங்கைக் கதையையும் துடைத்துப் போட்டுவிட்டு ஒரே கேள்வியோடு தொடங்கினார்: அந்த இரவிலிருந்து தப்பித்தவள் 40 வருடம் எப்படி வாழ்ந்திருப்பாள்? ஜேமி லீ கர்டிஸ் நரைத்த தலையோடு, வீட்டையே கோட்டையாக்கி, மகளோடு மனக்கசப்பாகி, துப்பாக்கிப் பயிற்சியோடு வாழும் பாட்டியாக வந்தார். சுமார் 1 கோடி டாலரில் எடுத்த படம் 25 கோடிக்கு மேல் வசூலித்தது. முகமூடிக்காரனுக்கு வயதாவதில்லை. அவளுக்குத்தான் வயதாகிறது. கதை என்பது காலம் கடந்தால் மாறுகிறவர்களிடம்தானே இருக்க முடியும்?

இப்போது நம் படத்துக்கு வருவோம். 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தின் திலீப்பை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பணக்கார வியாபாரி, அழகன், பெண்களை வீட்டுக்கு அழைத்து வந்து கொல்கிறவன், அதைப் படம் பிடித்து வளர்ப்புத் தந்தைக்குக் காட்டுகிறவன், தோட்டத்தில் புதைத்த இடத்தில் ரோஜாச் செடி வளர்க்கிறவன். கமல்ஹாசன் அதை எந்தப் பூச்சும் இல்லாமல் நடித்தது பெரிய துணிச்சல். ஆனால் படத்தின் இரண்டாம் பாதியைத் தாங்குவது சாரதா. துணிக்கடையில் வேலை பார்க்கிறவள். கல்யாணத்துக்கு முன் தொட அனுமதிக்காதவள் என்பதாலேயே அவனுக்கு மனைவியாகிறவள். அந்தப் பெரிய வீட்டில் தனியாக விடப்பட்டு, பூட்டிய அறைக்குள் நுழைந்து, தான் யாரோடு வாழவந்திருக்கிறோம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொள்கிறவள். அந்தப் பகுதியில் இளையராஜாவின் இசை அவள் மூச்சோடு மூச்சாகப் போகிறது. ரோஜாத் தோட்டத்து மண்ணிலிருந்து கை எழும் காட்சியைப் பார்த்து அன்று அலறியவர்கள் திலீப்புக்காக அலறவில்லை, அவளோடு சேர்ந்து அலறினார்கள்.

ஆனால் படத்தின் முடிவை யோசித்துப் பாருங்கள். சிறையில், புத்தி பேதலித்த திலீப் 'சாரதா' என்ற ஒரு பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறான். மனதைப் பிசைகிற முடிவுதான், மறுக்கவில்லை. என்றாலும் உயிர்பிழைத்தவளின் பெயர் அவளைக் கொல்லத் துரத்தியவனின் வாயில் போய் முடிகிறது. அவன் சிறுவயதில் பெண்களால் பட்ட துன்பத்தைப் படம் விரிவாகச் சொல்கிறது. அவளுக்கு அதன் பிறகு என்ன ஆனது என்பதற்குப் படத்தில் அந்த அளவு நேரமில்லை. தோட்டத்தில் புதைந்திருக்கும் பெண்களுக்கு வீடு, அம்மா, தேடி அலையும் தங்கை என்று யாராவது உண்டா என்பதற்கும் நேரமில்லை. 1978இல் ஒரு வணிகப் படம் இவ்வளவு தூரம் போனதே பெரிது, ஒத்துக்கொள்கிறேன். இரண்டாம் பாகம் என்ற ஒன்றுக்கு நியாயம் உண்டென்றால் அது இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. முதல் படம் சொல்லி முடித்ததை மறுபடி சொல்ல ஒரு படம் தேவையில்லை. சொல்லாமல் விட்டதைச் சொல்லத்தான் தேவை.

எண் போடாமலேயே தமிழ் இந்தப் படத்துக்குத் தொடர்ச்சிகள் எடுத்துவிட்டது என்றும் பார்க்கலாம். அவை எதை வாரிசாக எடுத்துக்கொண்டன என்பதுதான் கவலை தருகிறது. 2004 தீபாவளிக்கு வந்த 'மன்மதன்', ஏமாற்றிய காதலியால் தம்பி தற்கொலை செய்துகொண்டான் என்பதற்காக, ஒழுக்கம் தவறியவர்கள் என்று தானே முடிவு செய்த பெண்களை வரிசையாகக் கொல்லும் நாயகனின் கதை. திலீப்பாவது சிறையில் முடிந்தான். இவன் தண்டனை இல்லாமல் நடந்து போகிறான், தியேட்டர் கைதட்டியது, படம் பெரிய வெற்றி. 2020இல் மிஷ்கினின் 'சைக்கோ' வேறு திசையில் போனது. பெண்களின் தலையைத் துண்டிக்கும் ஒருவன் சின்ன வயதில் வதைபட்டவன் என்று காட்டி, அவனால் கடத்தப்பட்ட தாகினியையே அவன்மேல் இரக்கப்பட வைத்தது. ஒளிப்பதிவையும் இசையையும் பாராட்டியவர்கள்கூட, இத்தனை பேரைக் கொன்றவனுக்கு இவ்வளவு தாய்மையா, செத்தவர்களுக்கு ஒரு வார்த்தையும் இல்லையா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ஒரு படம் அவனைக் கொண்டாடியது, இன்னொன்று அவனுக்காக அழுதது. இரண்டுமே 'சிகப்பு ரோஜாக்கள்' படத்திலிருந்து எடுத்துக்கொண்டது கொலைகாரனின் கடந்தகாலத்தைத்தான். சாரதாவின் பயத்தையும் புத்தியையும் எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்ட படமும் ஒன்று இருக்கிறது. 2019இல் அஸ்வின் சரவணன் எடுத்த 'கேம் ஓவர்'. அதன் நாயகி ஸ்வப்னா பழைய ஒரு வன்கொடுமையிலிருந்து மீள முடியாமல் இருப்பவள், சக்கர நாற்காலியில் இருப்பவள். அவள் கையில் குத்திய பச்சையின் மையில், கொலையுண்ட அமுதா என்ற பெண்ணின் அஸ்தி கலந்திருக்கிறது. முகமூடிக் கொலைகாரர்கள் ஏன் கொல்கிறார்கள் என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. ஆனால் அமுதா யார், புற்றுநோயோடு எப்படிப் போராடினாள், அவள் அம்மா என்ன சொல்கிறாள் என்பதையெல்லாம் சொல்கிறது. செத்தவளின் பிடிவாதம் உயிரோடிருப்பவளின் கைக்கு வருகிறது. ஸ்வப்னாவாக நடித்த டாப்சியும் உடன் நடித்த வினோதினியும் அந்த வீட்டுக்குள் தாக்குப்பிடிக்கும் கடைசி அரைமணி நேரத்தில் நாம் கொலைகாரனைப் பற்றி ஒரு நொடியும் யோசிப்பதில்லை. இன்னும் பின்னால் போனால், 1984இல் மணிவண்ணன் எடுத்த 'நூறாவது நாள்' படத்திலும் கதை நகர்வது, கொலையை முன்கூட்டியே மனக்கண்ணில் பார்க்கும் நளினியின் வழியாகத்தான். அவள் சொல்வதை யாரும் நம்பாததுதான் அங்கே பயம். தமிழுக்கு இந்த வழி புதிதில்லை, நடமாட்டம் குறைந்த வழி, அவ்வளவுதான்.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு பலமானது: ஜனங்கள் டிக்கெட் வாங்குவது கொலைகாரனுக்காகத்தான், 1982இல் மைக்கேல் இல்லாமல் எடுத்த 'ஹாலோவீன் 3' தோற்றது, 1988இல் அவனுடைய வருகையைத் தலைப்பிலேயே போட்டு நாலாம் பாகம் எடுத்ததும் கூட்டம் திரும்பியது, ஜேசன் படங்கள் பத்து வருடம் ஓடின. எல்லாம் உண்மை. ஆனால் 'ஹாலோவீன் 3' மைக்கேலை மட்டும் விடவில்லை, லாரியையும் விட்டது. முதல் படத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒரு கதைக்கு அந்தப் பெயரை ஒட்டியதில்தான் அன்றைய ரசிகர்கள் ஏமாந்தார்கள். கொலைகாரன் வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. புலி இல்லாமல் புலிக்கதை இல்லை. ஆனால் புலியிடமிருந்து தப்பி வந்தவர் சொன்னால்தான் அது கதை. ஜேசன் படங்கள் ஓடின, சரி. அவற்றில் யார் யார் செத்தார்கள் என்று தீவிர ரசிகர்களைக் கேட்டால் எந்தெந்த விதமாகச் செத்தார்கள் என்று சொல்வார்கள், பெயர் வராது. கல்லா நிறைவது ஒரு வரவேற்பு என்றால், மனதில் ஒரு மனுஷி தங்குவது இன்னொரு வரவேற்பு. நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி. 2018இல் இரண்டும் சேர்ந்தே கிடைத்தன என்பதையும் மறக்கவேண்டாம்.

இரண்டாவது மறுப்பு 'சைக்கோ 2'. ஹிட்ச்காக்கின் 1960 படத்துக்கு 1983இல் ரிச்சர்ட் ஃப்ராங்க்ளின் எடுத்த தொடர்ச்சி முழுக்க முழுக்க கொலைகாரன் நார்மன் பேட்ஸின் கதைதான், அதுவும் அவன்மேல் இரக்கத்தோடு. 22 வருடம் கழித்து விடுதலையாகி வருகிறவனை மறுபடி பைத்தியமாக்கப் பார்க்கிறார்கள். ஆந்தனி பெர்கின்ஸ் அந்தத் தடுமாற்றத்தை அற்புதமாக நடித்தார். வந்தபோது கலவையான வரவேற்பு, இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. நல்ல படம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதில் எது உறுத்துகிறது என்று பாருங்கள். நார்மனைக் கலங்கடிக்கும் சதிகாரி யார்? அவன் கொன்ற மரியனின் தங்கை லைலா. முதல் படத்தில் அக்காவைத் தேடி அந்த வீட்டு நிலவறைவரை இறங்கிய துணிச்சல்காரி. இரண்டாம் படம் அவளை வன்மம் பிடித்தவளாக்கி, குரூரமாகக் கொன்றும் போடுகிறது. கொலைகாரனுக்கு ஒரு மனதைக் கொடுப்பதற்காக, இழப்பைச் சந்தித்தவளின் மனதைப் பறித்துக்கொண்டது. அக்காவைக் கொன்றவன் வெளியே வருகிறான் என்றால் ஒரு தங்கை கையெழுத்து வேட்டை நடத்தி எதிர்ப்பதில் என்ன வில்லத்தனம்? அந்த இடத்தில் படம் சறுக்குகிறது, பெர்கின்ஸின் நடிப்பு அதை மறைத்துவிடுகிறது.

மூன்றாவது மறுப்பு என் சொந்தச் சாட்சியையே என் மேல் திருப்புவது. 2018இல் லாரி வென்றாளே, அதன் பிறகு 2021இலும் 2022இலும் வந்த 'ஹாலோவீன் கில்ஸ்', 'ஹாலோவீன் எண்ட்ஸ்' இரண்டும் அதே இயக்குநர், அதே கர்டிஸ், ஏன் எடுபடவில்லை? நன்றாகக் கவனித்தால் அவை என் கட்சிக்குத்தான் வருகின்றன. 'கில்ஸ்' படத்தில் லாரியை மறுபடி மருத்துவமனைக் கட்டிலில் போட்டுவிட்டார்கள். 1981இன் தவறு வரி மாறாமல் திரும்பியது. 'எண்ட்ஸ்' கடைசிப் படம் என்ற வாக்குறுதியோடு வந்து, கோரி என்ற புதிய இளைஞன் எப்படிக் கொலைகாரனாகிறான் என்று சொல்வதில் பாதிப் படத்தைச் செலவிட்டது. லாரியின் முடிவைப் பார்க்க வந்தவர்களுக்கு இன்னொருவனின் தொடக்கத்தைக் காட்டினால் கோபம் வராதா? அவள் பெயர் போஸ்டரில் இருந்தால் மட்டும் போதாது. கதையின் முடிவுகள் அவள் கையில் இருக்கவேண்டும்.

தமிழ்ச் சந்தைக்கு இதெல்லாம் ஒத்துவராது, இங்கே நாயகனின் முகம்தான் இரண்டாம் பாகத்தை விற்கும் என்பது நாலாவது மறுப்பு. 2024ஐப் பாருங்கள். ஜூலையில் 28 வருடம் கழித்து கமலே சேனாபதியாகத் திரும்பி வந்த 'இந்தியன் 2', ஷங்கர் இயக்கியும் பெரும்பாலோர்க்கு ஏமாற்றமாக முடிந்தது. முகம் வந்தது, அந்த முகத்துக்குப் பின்னால் முதல் படத்தில் இருந்த அப்பா–மகன் வலி வரவில்லை. அடுத்த மாதமே, சுதந்திர தினத்தன்று வந்த அஜய் ஞானமுத்துவின் 'டிமான்ட்டி காலனி 2' ஜெயித்தது. பேய்ப்படம்தான், ஸ்லாஷர் இல்லை. என்றாலும் அதன் கதையைத் தொடங்கிவைப்பது கணவனைத் தற்கொலையில் இழந்து, அவனுக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் அடங்க மறுக்கும் டெபி. நாயகன் அருள்நிதி இருந்தார், பேயும் இருந்தது. கதையை இழுத்துச் சென்றது இழந்தவளின் தவிப்பு. ஒரு படத்தை வைத்து விதி செய்ய மாட்டேன். ஆனால் முகம் இருந்தால் போதும் என்ற பேச்சை அந்த இரண்டு மாதங்கள் அடித்துப்போட்டுவிட்டன.

கொலைகாரனின் கடந்தகாலத்தைச் சொல்வது மனிதாபிமானம்தானே, ஒருவன் பிறக்கும்போதே அரக்கனாகப் பிறக்கிறானா என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். வறுமையும் அவமானமும் வதையும் ஒரு குழந்தையை எப்படித் திரிக்கும் என்று சொல்ல கலைக்கு உரிமை உண்டு. என் எதிர்ப்பு அந்த இரக்கத்துக்கு இல்லை, அது ஒரு பக்கமே பாய்வதற்கு. திலீப்பின் சிறுவயதுக்கு முழு ஒரு பகுதி கிடைக்கிறது, புதைக்கப்பட்ட பெண்களில் ஒருத்தியின் சிறுவயதுக்கும் ஒரு காட்சி கிடைப்பதில்லை. அவர்களும் எங்கோ ஒரு கிராமத்திலிருந்து நகரத்துக்குப் பிழைக்க வந்தவர்களாக இருந்திருக்கலாம், அவர்களும் அவமானப்பட்டிருக்கலாம். அவர்கள் யாரையும் கொல்லவில்லை என்பதால் அவர்கள் கதை சுவாரசியமற்றதாகிவிடுமா? கொன்றால்தான் ஒருவருக்குக் கடந்தகாலம் உண்டு என்ற நிலைக்கு ஒரு படவகை வந்துசேர்ந்தால் அதைத் திருத்தச் சொல்வது தணிக்கை ஆகாது, விமர்சனத்தின் வேலை அதுதான்.

மதுரை வில்லாபுரத்திலிருந்து எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1996 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலில் இந்தப் பகுதி மதுரை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பிய மார்க்சிஸ்ட் கட்சி உறுப்பினர் லீலாவதி. குடிதண்ணீரை விலைக்கு விற்றுப் பிழைத்தவர்களை எதிர்த்து, குழாயில் தண்ணீர் வரவேண்டும் என்று நின்றவர். 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில், தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். அது சினிமா இல்லை, சினிமாவோடு அதை ஒப்பிடவும் நான் வரவில்லை. சொல்லவந்தது நினைவைப் பற்றி. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இங்கே நிலைத்திருப்பது அவர் பெயர்தான், அவர் எதற்காக நின்றார் என்பதுதான். அரிவாளைத் தூக்கியவர்களின் சிறுவயதை யாரும் தேடிப்போகவில்லை. மதுரை என்றாலே அரிவாள் என்று திரையில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்ட ஒரு நகரத்தின் மக்கள், உண்மையில் யாரை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இது சாட்சி. ஜனங்களுக்கு வெட்டியவன்தான் சுவாரசியம் என்று தீர்ப்புச் சொல்லும் தயாரிப்பாளர்கள் ஜனங்களைச் சரியாகப் பார்க்கவில்லை. கொல்லப்பட்டவரை மறக்காமல் இருக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கதை எழுதுகிறவர்கள்தான் அதை நம்பவேண்டும்.

ஆகவே யாராவது 'சிகப்பு ரோஜாக்கள் 2' எழுத உட்கார்ந்தால், திலீப் சிறையிலிருந்து தப்பிக்கிறான் என்றோ அவனுக்கு ஒரு மகன் இருக்கிறான் என்றோ தொடங்கவேண்டாம். சாரதா தப்பித்த மறுநாள் காலையிலிருந்து தொடங்கலாம். போலீஸ் ஸ்டேஷனில் அவளிடம் என்ன கேட்டார்கள்? 'உனக்கு முன்பே தெரியாதா' என்று எத்தனை பேர் கேட்டார்கள்? சட்டப்படி அவள் இன்னும் அவன் மனைவி. அந்த வீடு யாருக்குப் போனது, அந்தத் தோட்டத்தைத் தோண்டும்போது அவள் அங்கே நின்றாளா? காணாமல் போன பெண்ணின் போட்டோவை எடுத்துக்கொண்டு ஒரு தாய் அவளைத் தேடி வந்தால், சாரதா என்ன சொல்வாள்? திரும்ப ஒரு துணிக்கடையில் அவளுக்கு வேலை கிடைத்திருக்குமா, கொலைகாரன் பொண்டாட்டி என்ற பெயரோடு? இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றிலும் பயம் இருக்கிறது, மர்மம் இருக்கிறது, இரண்டரை மணி நேரம் கட்டிப்போடும் கதை இருக்கிறது. கத்தியும் வரட்டும், துரத்தலும் வரட்டும், திலீப்பும் வரட்டும். ஆனால் தோட்டத்தில் கிடந்த ஒவ்வொருத்திக்கும் ஒரு பெயர் கிடைக்கட்டும், அந்தப் பெயர்களை சாரதா சொல்லட்டும். அப்படி ஒரு படம் வந்தால் நான் வரவேற்பேன், தமிழ் ரசிகர்களும் வரவேற்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். அதைவிடக் குறைவான காரணத்துக்காக அந்தத் தோட்டத்தை மறுபடி தோண்டவேண்டாம்.